மின்சாரக் கார் நின்றுவிட்டால் இழுக்கலாமா?

மாணவர்களே, கெசாஸ் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் ஷா ஆலம் விரைவுச்சாலை நம் பண்டமாரானில் தொடங்கி ஸ்ரீ பெட்டாலிங் வரை 34.5 கிலோமீட்டர் நீள்கிறது. அந்தச் சாலையில் ஒரு பெட்ரோல் கார் பழுதாகி ஓரமாக நின்றால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் இழுவை லோரி வரும். காரின் முன் சக்கரங்களைத் தூக்கி மாட்டிக்கொள்ளும். பின் சக்கரங்கள் சாலையில் உருள, கார் லோரியின் பின்னாலேயே பட்டறைக்குப் போய்ச் சேரும்.

நின்றது மின்சாரக் கார் என்றால்? அதே முறையில் இழுத்தால், சிறு கோளாறோடு நின்ற கார் பெரிய பழுதோடு பட்டறைக்குப் போய்ச் சேரலாம். சில வேளைகளில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஏன் அப்படி? அதற்கான விடை உங்கள் படிவம் 5 இயற்பியல் நூலிலேயே இருக்கிறது.

2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே பி.ஒய்.டி., டெஸ்லா போன்ற கார்கள் நம் சாலைகளுக்கு வந்துவிட்டன. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அடுத்து வாங்கப்போகும் கார் மின்சாரக் காராக இருக்கலாம். பெரியவர்கள் பலர் பெட்ரோல் காரை வைத்தே பழகியவர்கள். சாலையோரத்தில், வெயிலில், அவசரமாக முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் காரணம் அறிந்த ஒருவர் காருக்குள் இருந்தால் நல்லது. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றே

பழுதான பொம்மைக் கார் ஒன்றிலிருந்து சிறிய மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு கம்பிகளையும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள கால்வனோமீட்டரில் இணையுங்கள். மோட்டாரின் அச்சை விரலால் வேகமாகச் சுழற்றுங்கள். கால்வனோமீட்டரின் முள் அசையும். பேட்டரி எதுவும் இல்லாமலேயே மின்னோட்டம் பிறந்துவிட்டது!

மின்சாரம் கொடுத்தால் சுழல்வது மோட்டார். சுழற்றினால் மின்சாரம் கொடுப்பது ஜெனரேட்டர். கருவி ஒன்றுதான். காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் அசைந்தாலும், கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தாலும் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். உங்கள் நூலில் மலாயில் 'ஆருஹான் எலெக்ட்ரோமக்னெட்' என்று படிப்பது இதைத்தான்.

இனி அந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து மீண்டும் அச்சைச் சுழற்றிப் பாருங்கள். முன்பைவிடச் சற்று அடம்பிடிக்கும். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கிறது. இது 1834-இல் ஹைன்ரிச் லென்ஸ் கூறிய விதி.

மின்சாரக் காரில் இந்த எதிர்ப்பைப் பயனுள்ளதாக மாற்றியிருக்கிறார்கள். ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டார் ஜெனரேட்டராக மாறும். காரின் வேகம் குறையும். அதிலிருந்து பிறந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். கெந்திங் மலையிலிருந்து இறங்குவதை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 2,000 கிலோகிராம், இறங்கும் உயரம் 1,600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையாற்றல் = 2,000 × 9.8 × 1,600 = 31.4 மெகாஜூல். ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல். ஆக, ஏறத்தாழ 8.7 கிலோவாட் மணி. உராய்வு, காற்றின் தடை, வெப்பம் என ஒரு பகுதி வீணானாலும் மீதி பேட்டரிக்குள் போகும். பெட்ரோல் காரில் அந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிப் போயிருக்கும்.

நல்லது செய்யும் இந்த இயற்பியல்தான் இழுத்துச் செல்லும்போது கெடுதலும் செய்கிறது.

'நியூட்ரல்' போட்டாலும் தொடர்பு அறுவதில்லை

பெட்ரோல் காரில் 'நியூட்ரல்' போட்டால் இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தொடர்பு துண்டிக்கப்படும். பெரும்பாலான மின்சாரக் கார்களில் அப்படித் துண்டிக்கும் கிளட்ச் கிடையாது. மோட்டாரும் சக்கரமும் பற்சக்கரங்களால் எப்போதும் இணைந்தே இருக்கும். 'நியூட்ரல்' போடுவது மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை மட்டுமே நிறுத்துகிறது. சக்கரம் உருண்டால் மோட்டார் சுழன்றே தீரும்.

எவ்வளவு வேகமாகச் சுழலும்? சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். எனவே சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 8 முறை சுற்றும். பல மின்சாரக் கார்களில் சக்கரம் ஒரு முறை சுற்றினால் மோட்டார் சுமார் 10 முறை சுற்றும். அப்படியானால் மோட்டார் வினாடிக்கு 80 சுற்று, நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,800 சுற்று சுழல்கிறது. அதுவும் கார் 'அணைந்து' கிடக்கும் நிலையில்!

கார் ஓடும்போது மோட்டாரைக் குளிர்விக்க நீர்ம பம்பு இயங்கும். பிறக்கும் மின்சாரத்தை எங்கே அனுப்புவது என்று கணினி முடிவு செய்யும். அணைந்த காரில் இவை எதுவும் வேலை செய்யாது. உயர் அழுத்தப் பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் சுவிட்சுகளும் திறந்த நிலையில் இருக்கும். தூண்டப்படும் மின்னழுத்தம் வேகத்தோடு சேர்ந்து ஏறும். அதை வாங்கிக்கொள்ளப் பேட்டரியும் இல்லை, வெப்பத்தை அகற்றப் பம்பும் இல்லை. இந்த நிலையில் மோட்டாரை இயக்கும் 'இன்வெர்ட்டர்' என்ற மின்னணுப் பாகம் பழுதாகலாம். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகலாம்.

எல்லா மோட்டார்களும் ஒரே மாதிரியானவை அல்ல. நிலைக்காந்தம் இல்லாத மோட்டார்களும் சில கார்களில் உண்டு. அவற்றில் இந்த மின்னழுத்தச் சிக்கல் குறைவு. ஆனால் வெளியிலிருந்து பார்த்து எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எந்தச் சக்கரம் ஓட்டும் சக்கரம்?

மைவி, சாகா போன்ற நம் ஊர்க் கார்களில் இயந்திரம் முன் சக்கரங்களை ஓட்டுகிறது. முன் சக்கரங்களைத் தூக்கிவிட்டால் பின் சக்கரங்கள் சும்மா உருளும். இழுவை லோரி ஓட்டுநர்களின் பழக்கம் இதிலிருந்து வந்தது.

இ.மாஸ் 7, பி.ஒய்.டி. அட்டோ 3 ஆகியவையும் முன் சக்கரம் ஓட்டும் கார்கள்தாம். ஆனால் டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் ஆகியவற்றின் ஒற்றை மோட்டார் வகைகளில் மோட்டார் பின் சக்கரங்களை ஓட்டுகிறது. அவற்றின் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால், எந்தச் சக்கரம் உருளக் கூடாதோ அதுவே சாலையில் உருளும். இரட்டை மோட்டார் வகைகளில் நான்கு சக்கரங்களுமே ஓட்டும் சக்கரங்கள். எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும் மறுபக்கம் சிக்கல்.

கார் நிறுவனங்களின் கையேடுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறது டெஸ்லா. லோரியில் ஏற்றுவதற்காக மட்டும், மிக மெதுவாக, ஏறத்தாழ 10 மீட்டர் தூரம் வரை உருட்ட அது அனுமதிக்கிறது. நிசான் லீஃப் முன் சக்கரம் ஓட்டும் கார்; அதன் முன் சக்கரங்களைத் தூக்கியோ, முழுக் காரையும் மேடையில் ஏற்றியோ கொண்டுபோகலாம் என்கிறது நிசான். காருக்குக் கார் விதி மாறுவதால், முழுக் காரையும் தட்டையான மேடை கொண்ட லோரியில் ஏற்றுவதே எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் வழி.

சாலையோரத்தில் செய்ய வேண்டியவை

முதலில் உயிர், பிறகுதான் கார். அபாய விளக்கைப் போட்டுவிட்டு, எல்லாரும் காரைவிட்டு இறங்கிச் சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். பண்டமாரான் பக்கம் துறைமுகக் கொள்கலன் லோரிகள் எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஓரத்தில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பது ஆபத்து.

பிறகு, நெடுஞ்சாலை நிறுவனத்தின் உதவி எண்ணையோ காப்புறுதி நிறுவனத்தின் எண்ணையோ அழைக்க வேண்டும். அழைக்கும்போதே, "இது மின்சாரக் கார், மேடையுள்ள லோரி வேண்டும்" என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். பி.ஒய்.டி. அட்டோ 3 போன்ற கார் ஏறத்தாழ 1,750 கிலோகிராம் எடை கொண்டது. மைவியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான். காரின் பெயரையும் சொன்னால், அந்த எடையைத் தாங்கும் லோரியை அனுப்புவார்கள்.

அழைக்காமலே ஒரு லோரி வந்து நின்று, "ரொம்பப் பக்கம்தான், தூக்கி இழுத்துவிடலாம்" என்று ஓட்டுநர் சொன்னால் என்ன செய்வது? "அண்ணே, இது மின்சாரக் கார். சக்கரம் உருண்டால் மோட்டார் கெட்டுப்போகும். மேடை லோரி வந்துகொண்டிருக்கிறது" என்று மரியாதையாகச் சொல்லலாம். கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

காரின் சாமான்களோடு திருகி மாட்டும் ஒரு கொக்கி இருக்கும். காரை லோரியின் மேடைமீது மெதுவாக இழுத்து ஏற்றுவதற்கு அதைப் பயன்படுத்துவார்கள். அதில் கயிற்றைக் கட்டி மற்றொரு காரால் சாலையில் இழுத்துப் போகக் கூடாது.

அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் கார் நின்றுவிட்டால் இன்னொரு சிக்கல். அங்கே கூரை தாழ்வாக இருப்பதால் மேடை லோரி உள்ளே நுழையாது. அப்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் சிறிய உருளைத் தள்ளுவண்டிகளை வைத்து, காரை வெளியே கொண்டுவந்து லோரியில் ஏற்றுவார்கள். கைபிரேக் விடுபடாமல் சக்கரம் பூட்டிக்கொண்ட கார்களுக்கும் இதே வழிதான்.

பெரிய பேட்டரி நிறைந்திருக்கும், சின்னப் பேட்டரி தீர்ந்திருக்கும்

மின்சாரக் கார் நின்றாலே சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஏறத்தாழ 400 வோல்ட் பெரிய பேட்டரியோடு, பெட்ரோல் காரில் இருப்பதைப் போன்ற 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்றும் மின்சாரக் காரில் உண்டு. கதவுப் பூட்டு, விளக்கு, கணினி, கைபிரேக், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சு ஆகிய எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் போகிறது. அது தீர்ந்துவிட்டால், பெரிய பேட்டரி 80 விழுக்காடு நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. மின்சாரக் கார்கள் சாலையில் நிற்பதற்கு இந்த 12 வோல்ட் பேட்டரியே முதன்மைக் காரணம் என்று ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.டி.ஏ.சி. தன் பழுதுக் கணக்குகளில் காட்டியுள்ளது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கையேட்டில் சொன்ன இடத்தில் 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் பல கார்கள் மீண்டும் விழித்துக்கொள்ளும். இழுவை லோரியே தேவைப்படாமல் போகலாம். ஆனால் ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் யாரும் தொடக் கூடாது. அவை உயர் அழுத்தக் கம்பிகள் என்பதற்கு அந்த நிறமே எச்சரிக்கை.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா பகுதியில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. மூழ்கியது மின்சாரக் கார் என்றால், தண்ணீர் வடிந்ததும் ஓட்டிப் பார்ப்பதோ சார்ஜ் போடுவதோ கூடாது. கடல்நீர் கலந்த வெள்ளம் இன்னும் மோசமானது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தை அரிக்கும், பேட்டரிக்குள் குறுக்குச்சுற்றை ஏற்படுத்தும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இயான் சூறாவளி தாக்கியது. அப்போது கடல்நீரில் மூழ்கிய சில மின்சாரக் கார்கள் நாள்கள் கடந்த பிறகு தீப்பிடித்தன. அத்தகைய காரைக் கட்டடங்களிலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. நாம் கடலோரத்தில் வாழ்பவர்கள்; இதை நினைவில் கொள்வோம். புகையோ, சீறும் ஒலியோ வந்தால் விலகி நின்று 999-ஐ அழைக்க வேண்டும்.

சார்ஜ் செய்ய ஏன் இவ்வளவு நேரம்?

இழுவை லோரியின் தேவையே வராமல் இருக்க, சார்ஜ் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். முதலில் பெட்ரோல் நிலையத்திலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. குழாய் நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றினால், நிமிடத்துக்கு 315 கிலோவாட் மணி. இதைத் திறனாக மாற்றினால் ஏறத்தாழ 18,900 கிலோவாட்! அந்த ஆற்றலில் பெரும்பகுதியை இயந்திரம் வெப்பமாக வீணாக்கிவிடும். இருந்தாலும், பெட்ரோல் குழாயின் வேகத்தோடு எந்த மின்கம்பியும் போட்டியிட முடியாது.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். சாதாரண மூன்று முள் சொருகியில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட். 32 ஆம்பியர் தரும் சுவர்ப் பெட்டியில் 7.4 கிலோவாட். மூன்று கட்ட மின்சாரம் உள்ள வீட்டில் ஒரு கட்டத்துக்கு 16 ஆம்பியர் வீதம் 11 கிலோவாட். இ.மாஸ் 7-இன் பெரிய பேட்டரி 60.22 கிலோவாட் மணி. வெறுமையிலிருந்து நிரப்ப முறையே 26 மணி, 8 மணி, 5½ மணி நேரம் ஆகும். வெப்பமாகப் போகும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

26 மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். யாரும் தினமும் முழுப் பேட்டரியைத் தீர்ப்பதில்லை. பண்டமாரானிலிருந்து கோலாலம்பூருக்குப் போய் வந்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி என்றால், செலவு 12 கிலோவாட் மணிதான். சுவர்ப் பெட்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் அது திரும்பிவிடும். கைப்பேசியைப் போல, தூங்கும் நேரத்தில் சார்ஜ் செய்துகொள்ளலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டிய இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு வெப்பம். மின்னோட்டம் ஒரு தடையைக் கடக்கும்போது பிறக்கும் வெப்பத் திறன் I²R. தளர்ந்துபோன சுவர்ச் சொருகியில் தொடுமிடத்தின் தடை 0.5 ஓம் என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஓடினால் 10 × 10 × 0.5 = 50 வாட். ஆர்.பி.டி. பாடத்தில் ஈயம் உருக்கும் பற்றுக்கோலின் வெப்பத்துக்கு இது குறைந்ததல்ல. பிளாஸ்டிக்குக்குள், ஒரு புள்ளியில், இரவு முழுதும் அந்த வெப்பம் சேர்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டலும் 10 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஆனால் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. கார் எட்டு மணி நேரம் எடுக்கிறது. நீட்டிப்புக் கம்பியில், அதிலும் சுருட்டிவைத்த கம்பியில், காரைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. சொருகியைத் தொட்டால் சுடுகிறதா, நிறம் மாறியிருக்கிறதா? உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது கணக்கு மொத்தச் சுமை. பல வரிசை வீடுகளுக்கு ஒரு கட்ட மின்சாரம்தான் வருகிறது. முதன்மை இணைப்பு 60 ஆம்பியர் என்று கொள்வோம். இரவு எட்டு மணிக்குச் சார்ஜ் பெட்டி 32, குளியலறை வெந்நீர்க் கருவி 16, இரண்டு குளிர்சாதனங்கள் 8, கெட்டல் 10 எனக் கூட்டினால் 66 ஆம்பியர். வீடே இருண்டுவிடலாம். நள்ளிரவுக்குப் பிறகு சார்ஜ் தொடங்குமாறு நேரம் வைப்பது, வீட்டின் சுமையைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜ் பெட்டியை வாங்குவது, தெனாகா நேஷனலிடம் மூன்று கட்ட இணைப்புக்கு விண்ணப்பிப்பது ஆகியவை இதற்கான தீர்வுகள். எதைச் செய்தாலும் சார்ஜ் பெட்டிக்குத் தனிக் கம்பியும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்பும் தேவை. எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற மின்பணியாளர்தான் அதைப் பொருத்த வேண்டும்.

காரைச் சாலையோரத்தில் நிறுத்தும் வீடுகளும் நம் பகுதியில் அதிகம். வீட்டிலிருந்து நடைபாதையைத் தாண்டிக் கம்பியை இழுத்துவிட்டால், நடப்பவர் தடுக்கி விழலாம். மழைநீரில் கம்பி கிடக்கும். வாகனம் ஏறி நசுங்கும். அத்தகைய வீட்டாருக்குப் பொதுச் சார்ஜ் நிலையமே நல்லது. கார் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நெடும்பயணத்தில்

வீட்டிலும் பேரங்காடியிலும் உள்ளவை பெரும்பாலும் மாறுதிசை மின்னோட்டம் தரும் நிலையங்கள். பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்னோட்டம். அந்த மாற்றத்தைக் காருக்குள் இருக்கும் கருவி செய்கிறது. அதன் அளவு 7 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் நிலையத்தில் மாட்டினாலும் 7 கிலோவாட்தான் ஏறும். நெடுஞ்சாலைகளில் உள்ள விரைவு நிலையங்கள் மாற்றத்தை வெளியிலேயே செய்து, நேர்திசை மின்னோட்டத்தை நேராகப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. நம் நாட்டில் மெதுவான சார்ஜுக்கு 'டைப் 2', விரைவு சார்ஜுக்கு 'சி.சி.எஸ். 2' என்ற சொருகிகளே பரவலாக உள்ளன. பல மெதுவான நிலையங்களில் துளை மட்டும் இருக்கும். கம்பியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

விரைவு நிலையத்திலும் கடைசி வரை ஒரே வேகம் இருக்காது. தைப்பூசத்தன்று பத்துமலையில் கார் நிறுத்துவதை எண்ணிப் பாருங்கள். காலையில் வருபவருக்கு எங்கும் இடம். இடம் நிரம்ப நிரம்ப, ஒவ்வொரு காரும் சுற்றிச் சுற்றித் தேட வேண்டும். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகளுக்கும் இதே நிலைதான். அவசரப்படுத்தித் திணித்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதனால் 80 விழுக்காட்டைத் தாண்டியதும் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். நெடும்பயணத்தில் 80 விழுக்காட்டோடு புறப்படுவது உங்களுக்கும் நேர மிச்சம், வரிசையில் காத்திருப்பவருக்கும் உதவி.

தீபாவளிக்குப் பட்டர்வெர்த் போவதாக வைத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இ.மாஸ் 7-இன் பெரிய பேட்டரிக்குச் சோதனைமுறையில் சொல்லப்படும் தூரம் 410 கிலோமீட்டர். நிற்காமலேயே போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவாட் மணி வரை செலவாகலாம். அப்போது 60 கிலோவாட் மணியில் 333 கிலோமீட்டர்தான் போக முடியும். வேகத்தை 90-ஆகக் குறைத்தால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். அப்படியும் தாப்பா போன்ற ஓர் ஓய்வு நிலையத்தில் ஒருமுறை நின்று ஏற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நிலையம் காலியாக இருக்கும் என்றோ வேலை செய்யும் என்றோ நம்பிப் பேட்டரியை 5 விழுக்காடு வரை விட்டுவிடக் கூடாது. 2025-க்குள் 10,000 பொதுச் சார்ஜ் முனைகள் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது; 2025-இன் நடுப்பகுதி வரை அதில் பாதிகூட அமையவில்லை. 20 விழுக்காடு இருக்கும்போதே நின்றால், முதல் நிலையத்தில் கூட்டம் என்றாலும் அடுத்த நிலையத்துக்குப் போகத் தெம்பு இருக்கும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. வீட்டிலோ உறவினரிடமோ மின்சாரக் கார் இருந்தால், அதன் கையேட்டில் இழுத்துச் செல்லுதல் பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். ஓட்டும் சக்கரம் எது, எத்தனை மீட்டர் உருட்டலாம் என்று குறித்து, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

2. காப்புறுதிப் பத்திரத்தில் இலவச இழுவை எத்தனை கிலோமீட்டர் வரை, மேடை லோரியும் அதில் அடங்குமா என்று பெற்றோரோடு சேர்ந்து படியுங்கள்.

3. இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் இயங்கும் கருவிகளின் வாட் அளவைப் பட்டியலிட்டு, 230-ஆல் வகுத்து ஆம்பியரைக் கூட்டுங்கள். அதோடு 32 ஆம்பியர் சார்ஜ் பெட்டியைச் சேர்த்தால் உங்கள் வீடு தாங்குமா?

மூன்றாவது கேள்விக்கு விடை 'தாங்காது' என்று வந்தால், கார் வாங்கும் பேச்சு எழும்போது அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.